குறைந்த காசில் ரீவி: வன்னிக்கு எது தாங்கும்?

கிளிநொச்சி, கடையில் நிற்பவர்:

காலபோக நெல் விற்ற காசு கைக்கு வருகிற மாசி, பங்குனியில்தான் எங்கள் பக்கம் ரீவி பார்க்க அதிகம் பேர் வருவார்கள். வந்தவுடன் கேட்பது, "இந்தக் காசுக்கு எத்தனை இஞ்சி வரும்?" அங்கே தொடங்கினால் கணக்குப் பிழைத்துப் போகும். அதே காசுக்குப் பேர் தெரியாத 43 இஞ்சியும் வரும், முகவர் உத்தரவாதம் உள்ள 32 இஞ்சியும் வரும். வன்னிக்குள் இருப்பவர் 32ஐத்தான் எடுக்க வேண்டும். பழுதானால் உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகையும், திரைக்குப் பின்னால் வெளிச்சம் தருகிற பின்விளக்கும் கிடைக்கிற ரீவிதான் மலிவான ரீவி.

பெட்டியில் "4கே" என்று பெரிதாகவும் பக்கத்தில் "சப்போர்ட்" என்று பொடியாகவும் எழுதியிருந்தால், 4கே படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்பதுதான் அர்த்தம். திரைக்குள் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை வேறு. 1366 × 768 என்றால் சாதாரண எச்.டி., 1920 × 1080 என்றால் முழு எச்.டி., 3840 × 2160 என்றால் மட்டுமே 4கே. 32 இஞ்சியில் 4கே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அளவு நாடாவையும் கொண்டு போங்கள். சட்டத்தை விட்டு, திரையை மட்டும் மூலைக்கு மூலை அளந்தால் 32க்கு 81 சென்ரிமீற்றர், 43க்கு 109 வர வேண்டும். 32இல் ஒரு சென்ரிமீற்றர் குறைவது வழமை, அதற்கு மேல் குறைந்தால் கேளுங்கள்.

கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து வெறும் நிறப் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்து வாருங்கள். கடையில் ஓடுகிற விளம்பரப் படத்தில் எந்தக் குறையும் தெரியாது. வெள்ளையில் கறுத்த புள்ளியும், மூலைகளில் மஞ்சள் அல்லது நீலச் சாயலும் தெரியும். கறுப்பில் ஓரங்களில் கசிகிற வெளிச்சம் தெரியும். பிறகு திரைக்கு முன்னால் குந்தி இருந்து பாருங்கள். நம் வீடுகளில் ரீவி சுவரில் உயரத்தில், ஆட்கள் நிலத்தில் பாயில். சில திரைகள் கீழிருந்து பார்த்தால் முகங்களை வெளுத்துக் காட்டும். நேரே நின்று பார்த்து வாங்குபவருக்கு அது வீட்டுக்குப் போன பிறகுதான் பிடிபடும்.

தவணைக்கு எடுப்பவர்கள் மாதக் காசை மட்டும் பார்க்கிறார்கள். கணக்குக்குச் சொல்கிறேன்: கைக்காசுக்கு 60,000 போகிற ரீவியை மாதம் 6,500 படி 12 மாதம் கட்டினால் 78,000. அந்த 18,000 இருந்தால் மின்னல் பாதுகாப்பும் நல்ல சுவர்த் தாங்கியும் வாங்கி மிச்சமும் இருக்கும். முடிந்தால் ஒரு போகம் பொறுத்துக் கைக்காசுக்கு எடுங்கள்.

மாங்குளம், திருத்துபவர்:

மேசைக்கு வருகிறதில் கூடுதலானது ஒரே வருத்தம்தான்: சத்தம் இருக்கு, படம் இல்லை. லைட்டை நிப்பாட்டிப்போட்டு, திரைக்கு மிகக் கிட்ட ரோச் அடித்துச் சரிவாகப் பாருங்கள். உள்ளே படம் மங்கலாக ஓடினால் திரை நல்லம், பின்விளக்கு போயிட்டுது. 32 இஞ்சியில் இரண்டு மூன்று பட்டி இருக்கும், ஒவ்வொன்றிலும் வில்லை மூடிய சின்ன எல்.இ.டி. வரிசையாக. கனக்க ரீவிகளில் எல்லாம் தொடராகப் பூட்டினது. ஒன்று எரிந்து தொடர்பு அறுந்தால் மொத்த வரிசையும் அணையும். போட்டவுடன் இரண்டு செக்கன் வெளிச்சம் வந்து இருள்கிறதும் இதே குறைதான். பின்விளக்குக்கு மின்சாரம் செலுத்தும் பலகை வோல்ற்றேஜ் எகிறுவதைக் கண்டு தன்னைத்தானே நிப்பாட்டுகிறது.

எரிவதற்குக் காரணம் சூடு. மலிவு ரீவிகளில் பட்டி மெல்லிசு, வெப்பம் இறங்க இடமில்லை. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தை 100இல் வைத்து அனுப்புகிறார்கள். வாங்கிய அன்றே "விவிட்" முறையை மாற்றி, "பேக்லைட்" என்று இருப்பதை 60, 65க்கு இறக்குங்கள். கனக்க ரீவிகளில் "பிரைட்னஸ்" வேறு, அது படத்தின் கறுப்பை மட்டுமே மாற்றும், விளக்கை இறக்காது. தகரக் கூரை வீட்டில் மத்தியானம் மூன்று மணிச் சூட்டில் 100இல் ஓடுகிற ரீவியைப் பட்டியோடு பார்த்தால் வில்லை பழுத்து, ஒட்டின பசை விட்டுக் கழன்று கிடக்கும். வெள்ளைத் திரையில் அங்கங்கே வட்டமாக வெளிச்சப் பொட்டு தெரிந்தால் அந்த வில்லை விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒன்று எரிந்தால் எல்லாப் பட்டியையும் மாற்றச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பதும் அதே சூட்டைத் தின்றவைதான். திருத்துகிறவரிடம், கண்ணாடித் திரையை எப்படித் தூக்குவார் என்று கேளுங்கள். உறிஞ்சு கப் வைத்து, இரண்டு பேராக, திரை ஓரத்தில் இருக்கிற மெல்லிய ரிபன் கேபிள் மடியாமல் எடுக்க வேண்டும். ரிபன் கிழிந்தால் நெடுகக் கோடு விழும், அதைத் திருத்துவது லேசில்லை. திரை உடைந்தாலும் அதே கதை. புதுத் திரையின் விலை ரீவியின் விலைக்குக் கிட்ட வரும்.

அடுத்தது பல்லி. பின்மூடியின் காற்றுத் துளைக்குள்ளால் போய், சூடான பவர் பலகையில் முட்டை இடும். பலகையின் இரண்டு உலோகக் கால்களுக்கு இடையில் பல்லி அகப்பட்டால் பியூசும் சேர்த்துப் போகும். துளையைத் துணியால் மூட வேண்டாம். நுளம்பு வலைத் துண்டை வெளிப்பக்கம் ஒட்டினால் காற்றும் போகும், பல்லியும் போகாது. மாதம் ஒருக்கால் தூசைத் தட்டுங்கள்.

புதுக்குடியிருப்பு, வயரிங் செய்பவர்:

ஸ்ரபிலைசர் வாங்க முதல் ரீவியின் முதுகில் ஒட்டினதை வாசியுங்கோ. 100–240 வோல்ற் என்று இருந்தால், பின்னேரம் ஏழு மணிக்குக் கடைசிக் கம்பத்து வீட்டில் 180க்கு இறங்கினாலும் ரீவி அசையாது. அந்தக் காசைக் கொண்டுபோய் ஸ்ரபிலைசரில் போட வேண்டாம். 220–240 என்று மட்டும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ரீவியைக் கொல்கிறது வோல்ற்றேஜ் ஏற்றம். மூன்று பேஸ் போகிற லைனில் நியூட்ரல் கழன்றால் சில வீடுகளுக்கு 230க்குப் பதிலாக 300க்கு மேல் வந்துவிடும். பல்ப் திடீரென்று கூடுதலாக எரிவதும், பக்கத்து வீட்டில் மங்குவதும் அதற்கான அடையாளம். உடனே மெயினை நிப்பாட்டிப்போட்டு மின்சார சபைக்கு 1987இல் சொல்லுங்கோ. இதற்கு வேலை செய்கிறது வோல்ற்றேஜ் கூடினாலும் குறைந்தாலும் வெட்டுகிற பாதுகாப்புப் பெட்டி: மேல் வெட்டு 260, கீழ் வெட்டு 170, திரும்பப் போட ஒரு நிமிடம் தாமதம் என்று வைத்தால் கரண்ட் போய்வருகிற அடியும் ரீவிக்கு விழாது.

மின்னலுக்கு அது போதாது. ட்ரிப் சுவிச்சும் போதாது, அது ஆளைக் காப்பாற்ற 30 மில்லியம்பியர் கசிவுக்கு விழுகிற சாமான். மின்னல் மின்கம்பியால் மட்டும் வருகிறதில்லை. டிஷ் கேபிளால் வந்து, டிஷ் பெட்டிக்குள் போய், பெட்டியையும் ரீவியையும் இணைக்கிற எச்.டி.எம்.ஐ. கம்பியால் ரீவியின் மெயின் பலகையைச் சுடும். பிளக்கைப் பிடுங்கி வைத்தும் ரீவி போச்சு என்று சொல்கிற வீடுகளில் பாருங்கோ, டிஷ் வயர் பூட்டினபடியே இருக்கும். சித்திரைப் பின்னேர மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் முகில் கறுக்கிற நேரமே மூன்றையும் கழற்றுங்கோ: மின் பிளக், பெட்டிக்குப் போகிற டிஷ் வயர், எச்.டி.எம்.ஐ. இடி தலைக்கு மேல் வந்த பிறகு தொட வேண்டாம், அப்போது ரீவியைவிட ஆள் முக்கியம்.

மெயின் பெட்டியில் மின்னல் தடுப்பான் போடுகிறவர்கள் ஏர்த்தின் தடையை அளந்து பாருங்கோ. 10 ஓமுக்கு மேல் நின்றால் தடுப்பான் சும்மா இருக்கும். ஆடி, ஆவணியில் நிலம் வெடிக்கிறபோது ஏர்த்தின் தடை ஏறும். ஏர்த்துக் கம்பியைக் குளியல் தண்ணி ஓடுகிற பக்கம் இறக்கினால் நிலம் காயாது.

முள்ளியவளை:

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் ரீவி கொண்டு வரலாமோ? வவுனியாவில் ஜப்பான் பாவித்த ரீவியும் மலிவாகக் கிடக்குதே?

பரந்தன், டிஷ், அன்ரெனா பூட்டுபவர்:

ஜப்பான் ரீவியை விடுங்கோ தங்கச்சி. அது 100 வோல்ற்றுக்குச் செய்தது, நேரே செருகினால் அன்றைக்கே முடிவு. வோல்ற்றேஜை இறக்குகிற மாற்றிப் பெட்டி வைத்தாலும் எங்கள் அன்ரெனா அலைவரிசையை எடுக்காது.

கனடா ரீவியின் முதுகில் 120 வோல்ற் மட்டும் என்று இருந்தால் அதுவும் வேண்டாம். 100–240 என்றிருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே படம் 60 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 60 தரம்), இங்கே 50. எங்கள் பெட்டியின் 50 ஹேர்ட்ஸ் படத்தைச் சில வட அமெரிக்க ரீவிகள் எச்.டி.எம்.ஐ.யிலும் ஏற்காது, "சிக்னல் இல்லை" என்றே நிற்கும். லண்டன் ரீவி மின்சாரத்துக்குச் சரி, ஆனால் அன்ரெனாவில் படம் வந்து சத்தம் வராமல் போகலாம். அங்கத்தைய பழைய அனலொக் முறையில் சத்தம் 6.0 மெகாஹேர்ட்ஸ் தள்ளி, இங்கே 5.5. மெனுவில் எங்கள் முறையான "பி/ஜி" என்று மாற்ற இடம் இருந்தால் தப்பும். சுவிஸ், ஜேர்மனியில் இருந்த பழைய முறை எங்களுடையதுதான். அங்கிருந்து வரும் ரீவியில் அனலொக் ரியூனர் இருந்தால் தொல்லை குறைவு. எதற்கும் உத்தரவாதம் இங்கே செல்லாது. காசாக அனுப்பச் சொல்வது நல்லம்.

அன்ரெனாவால் பார்க்கிறவர்கள் 2011இல் திறந்த கொக்காவில் கோபுரத்தின் பக்கம் திருப்பிப் பாருங்கோ. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில், ஏ9 வீதி ஓரம் நிற்கிறது. படம் இரட்டையாக விழுந்தால் குழாயை இன்னும் உயர்த்துவதைவிட நாலு விரல் திருப்புவது பலன் தரும். மழைக்கு அடுத்த நாள் படம் புழுதியாக வந்தால் கேபிள் மூட்டில் தண்ணி. அந்த மூட்டு கீழ்ப்பக்கம் பார்க்கும்படி ஒரு பெட்டிக்குள் வைத்து, கேபிளை ஒரு வளையமாகத் தொங்க விட்டு மேலே ஏற்றினால் தண்ணி அந்த வளையத்தில் சொட்டி விழும்.

புது ரீவி மங்கல் என்று கூப்பிடுகிற வீடுகளில் பாதிக்கு மேல் ரீவியில் குறை இருக்காது. பெட்டியில் இருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பியால் பூட்டியிருப்பார்கள். எச்.டி.எம்.ஐ. போட்டு, பெட்டியின் மெனுவில் வெளியீட்டை "1080i" அல்லது "720p" ஆக்கி, 16:9 வைத்து, ரீவியின் "ஷார்ப்னஸ்" ஐ அரைவாசிக்குக் கீழே இறக்குங்கோ. எச்.டி.எம்.ஐ. இல்லாத பழைய பெட்டியை 43 இஞ்சி 4கேயில் பூட்டினால் எந்த வித்தையாலும் துலங்காது. அந்தப் பெட்டிக்கு 32தான் அழகு.

துணுக்காய், சோலார் பூட்டுபவர்:

சோலாரில் ஓட்டுகிறவர்களுக்கு அளவு மட்டும். 32 இஞ்சி ஏறக்குறைய 50 வாட், பெட்டி 12 வாட், இன்வேட்டர் தின்கிறதோடு 75 என்று வையுங்கள். 12 வோல்ற் 100 ஏ.எச். (அம்பியர் மணி) ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆகவே கையில் 600 வாட்மணி. கணக்கில் 8 மணித்தியாலம், பழைய பற்றரியில் ஐந்து. 43 இஞ்சி 4கே 100 வாட்டுக்குக் கிட்ட எடுக்கும், நேரம் ஐந்தில் நிற்கும்.

மின்சார சபை லைனில் இருப்பவருக்கும் இந்த வித்தியாசம் படும். நாளுக்கு 5 மணித்தியாலம் என்றால் 32க்கு மாதம் 7.5 அலகு, 43க்கு 15. மாதம் 60 அலகுக்கு உள்ளே நிற்கப் பார்க்கிற வீட்டுக்கு அந்த 7.5 பெரிசு, தாண்டினால் கட்டண முறையே மாறும்.

கிளிநொச்சி, கடையில் நிற்பவர்:

ஸ்மார்ட் ரீவி பற்றி ஒன்று விட்டுப் போச்சு. 1 ஜி.பி. ரேம், 8 ஜி.பி. சேமிப்பு உள்ளதை வாங்க வேண்டாம். முதல் மாதம் ஓடும். யூரியூப் இரண்டு தரம் புதுப்பித்தவுடன் றிமோட்டை அமத்திவிட்டுக் காத்திருக்க வேண்டி வரும். ஆகக் குறைந்தது 1.5 ஜி.பி., முடிந்தால் 2 ஜி.பி. ரேமும் 16 ஜி.பி. சேமிப்பும். அதற்குக் காசு காணாதென்றால் சாதாரண ரீவியை நல்ல திரையோடு எடுத்து, பிறகு ஒரு ஸ்ரிக் (சாதாரண ரீவியை ஸ்மார்ட் ஆக்க எச்.டி.எம்.ஐ. துளையில் பூட்டுகிற சின்னக் கருவி) வாங்கிப் பூட்டுங்கள். ஸ்ரிக்குக்கான கரண்டை ரீவியின் யூ.எஸ்.பி. துளையில் எடுத்தால் அடிக்கடி அணைந்து எழும்பும். அநேக ரீவிகளின் துளை தருவது அரை அம்பியர், ஸ்ரிக் கேட்பது ஒன்று. போன் சார்ஜரில் பூட்டினால் சரி. டேற்றாவில் பார்க்கிறவர்கள் தரத்தை 480க்கு இறக்குங்கள், எச்.டி.யில் மணிக்கு 3 ஜி.பி. வரை இழுக்கும்.

கடையை விட்டு வெளிக்கிட முதல், ரீவியின் முதுகில் உள்ள தொடர் இலக்கம் பில்லிலும் உத்தரவாத அட்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே வாசியுங்கள். கடை உத்தரவாதமா முகவர் உத்தரவாதமா, திரைக்கு எத்தனை வருடம், திருத்தக் கிளிநொச்சியிலா வவுனியாவிலா யாழ்ப்பாணத்திலா கொடுக்க வேண்டும், கொண்டு போகிற செலவு யாருக்கு, நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். மின்னல் அடிக்கு அநேகமாக உத்தரவாதம் இல்லை. உத்தரவாதத்தை மறுத்தால் பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் முறையிடலாம்.

ஓட்டோவில் ஏற்றும்போது பெட்டியைப் படுக்க வைக்க வேண்டாம். நிமிர்த்தி, திரைப் பக்கம் ஆசனத்தின் சாய்வில் படும்படி வைத்து, ஒருவர் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். கிரவல் றோட்டில் படுத்த ரீவியின் நடுவில் குலுக்கம் ஏறி ஓரத்துக் கண்ணாடி வெடிக்கும், வெளியே பெட்டியில் ஒரு கீறலும் இராது. அந்தப் பெட்டியையும் உள்ளிருக்கும் றெஜிபோமையும் உத்தரவாதம் முடியுமட்டும் பரணில் வையுங்கள். திருத்தக் கொண்டு போகும்போது வெறும் ரீவியாகக் கொடுத்தால், வழியில் உடைந்ததா முன்னமே உடைந்ததா என்ற கேள்வி உங்கள் தலையில்தான் விழும்.