அடுத்த வீட்டுப் பிலா, எங்கள் அடுக்களை ஓட்டுக்கு மேலே

ஓட்டுவீட்டுக்காரி:

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நாலு சென்ட், பழைய ஓட்டுவீடு. கிழக்கு மதிலை ஒட்டி அடுத்த வீட்டுப் பாட்டியின் பிலா (பலாமரம்) நிற்கிறது. மதிலுக்கும் மரத்துக்கும் இரண்டு முழம்கூட இருக்காது. அதில் தொடைக் கனத்தில் ஒரு கொம்பு மதிலைத் தாண்டி எங்கள் அடுக்களைக்கு மேலே நீண்டு கிடக்கிறது.

போன வருஷம் ஜூன். விடாத மழை. ராத்திரி மூன்று மணிக்கு வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய் லைட்டைப் போட்டால் ஓடு ஆறு உடைந்து, ஓடு தாங்கும் பட்டியல் கட்டை ஒன்று முறிந்து, அம்மிமேல் சக்கை (பலாப்பழம்) பிளந்து கிடக்கிறது. சுளையும் ஓட்டுத் துண்டும் மழைத் தண்ணீரும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்ததைக் காலையில் அள்ளினேன், இரண்டு வாளி வந்தது. என் மகள் ஆறாம் வகுப்பு. சாயங்காலம் அந்த அம்மிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். இப்போது பலகையை முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

பாட்டி காலையில் வந்து பார்த்து அழுதுவிட்டார். ஓட்டுக்குக் காசும் கொடுத்தார். ஆனால் கொம்பை வெட்டலாமா என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. "அவரு நட்ட மரம் மக்களே. ஒக்கிப் புயல்ல வெளையில நின்ன ரப்பர் பூரா சாஞ்சிது, இது மட்டும்தான் நின்னுது" என்றார். 2017 நவம்பர் 30 அன்று காலையில் நானும் அந்த வெளையை (தோப்பை) பார்த்தேன், அவர் சொல்வது உண்மை. அதன்பிறகு வளைகுடாவில் இருக்கும் அவர் மகன் போனில் கூப்பிட்டு, "கொம்பத் தொட்டா கேசு போடுவேன்" என்றார்.

பாட்டி எனக்கு யாரோ இல்லை. என் மகள் பிறந்தபோது நாற்பது நாளும் காலில் போட்டுக் குளிப்பாட்டியது அவர்தான். இப்போது ஜனவரி, அந்தக் கொம்பில் மறுபடியும் பிஞ்சு விட்டிருக்கிறது. பதினொன்று எண்ணினேன். வெட்ட எனக்கு உரிமை உண்டா? வெட்டாமல் ஏதாவது வழி உண்டா?

பழைய குமாஸ்தா:

வக்கீல் ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லை தாண்டி உங்கள் இடத்துக்கு மேலே வந்த கொம்பை, எல்லை வரைக்கும் நீங்கள் வெட்டிக்கொள்ளலாம். 1890-களில் இங்கிலாந்தில் லெம்மன் என்பவருக்கும் வெப் என்பவருக்கும் நடந்த வழக்கில் நிலைத்த விதி இது, நம் நீதிமன்றங்களும் இதைப் பின்பற்றி வந்திருக்கின்றன. ஆனால் உங்கள் இடத்தில் நின்றே வெட்ட வேண்டும், அவர்கள் பறம்பில் கால் வைக்கக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விரற்கடைகூட வெட்டக் கூடாது. வெட்டிய தடியும் காயும் மரக்காரருக்குத்தான் சொந்தம், எடுத்து வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

விழும் நிலையில் நின்று ஆட்களுக்கு ஆபத்தாக இருக்கும் மரம் என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில் மனுக் கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133. உங்கள் ஊருக்குப் பத்மநாபபுரம் சப் கலெக்டரிடம் போக வேண்டும். அதற்கு முன்னால் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள், இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசமாக முடிந்தால் அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது.

மகன் கேஸ் என்று சொன்னதற்குப் பயப்பட வேண்டாம். உடைந்த ஓட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா?

நாலு ரோட்டுக்காரன்:

பிள்ளை உட்காரும் இடம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு வெட்டுங்கள்.

திருவட்டாறு விவசாயி:

தங்கச்சி, அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். பிலாவுக்கு ஒரு தன்மை உண்டு. மாவும் கொல்லாவும் (முந்திரி) கொம்பு நுனியில் காய்க்கும், பிலா தடியிலும் பெரிய கொம்பிலும் காய்க்கும். அதனால் எந்தச் சக்கை உங்கள் ஓட்டுமேல் விழும் என்று இப்போதே கண்ணால் பார்க்கலாம். அது பழுக்கும் வரைக்கும் விட்டுவைப்பதுதான் தப்பு.

முதலில், நீங்கள் எண்ணிய பதினொன்றும் சக்கை ஆகாது. அதில் ஆண் பூவும் இருக்கும். ஒல்லியாக, விரல் நீளத்தில், மெல்லிய காம்பில் தொங்கும். கொஞ்ச நாளில் கறுத்துப் பூசணம் பிடித்துத் தானே உதிர்ந்துவிடும். பெண் பிஞ்சுக்குக் காம்பு தடிப்பாக இருக்கும், காம்பில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு வளையம் தெரியும், தோலில் முள் எழும்பியிருக்கும். அதை மட்டும் கணக்கு வையுங்கள்.

அந்தப் பிஞ்சு ஒரு சின்னத் தேங்காய் அளவு வரும்போது, உள்ளே கொட்டை முற்றும் முன்னால், பறித்துவிட வேண்டும். அதுதான் நாம் துவரன் (தேங்காய்ப் பொரியல்) வைக்கும் இடிச்சக்கை. அந்தக் கொம்பில் உள்ளதை மட்டும் பறித்தால் போதும். மரத்துக்கு ஒரு கேடும் இல்லை, மிச்சச் சக்கை நல்ல கனம் பிடிக்கும். பாட்டியின் மரம் செங்கவருக்கையோ கூழனோ, எந்த வகையானாலும் தடியில் காய்ப்பது அவர்களுக்கு அப்படியே நிற்கும். கைக்கும் கத்திக்கும் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், பால் ஒட்டினால் சோப்புக்குப் போகாது. எட்டாத காய் இருந்தால் அது பெருகும்போது சாக்கில் போட்டு மேல் கொம்போடு கயிற்றால் கட்டிவிடுங்கள். விளைந்ததும் கயிற்றிலேயே இறக்கலாம்.

போன வருஷம் காய்த்த அதே இடத்தில்தான் மறுபடியும் பிஞ்சு விடும். ஆகவே வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை இது, ஒரு தடவையோடு தீராது.

இலைக்கனம் குறைக்க நுனியை வெட்டுவதாக இருந்தால் மழை இல்லாத நாளாகப் பாருங்கள். கொம்பை மேலே கயிற்றில் கட்டிவிட்டு, அடியில் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுக்கச் சொல்லுங்கள். மேலிருந்தே அறுத்தால் கொம்பு சாயும்போது தடித்தோலைக் கிழித்துக்கொண்டு போகும், அந்தக் காயத்தில்தான் அழுகல் பிடிக்கும். வெட்டுவாயில் அழுகல் பிடிக்காமல் இருக்கப் போர்டோ பசை பூச வேண்டும். துருசு (மயில்துத்தம்) ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, பத்து லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு, உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே அதிகம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பாட்டியிடம் "மரத்தை வெட்டணும்" என்று பேச வேண்டாம். "இடிச்சக்கை பறிச்சுத் தரட்டுமா" என்று கேளுங்கள்.

ஓட்டுவீட்டுக்காரி (மார்ச்):

அண்ணன் சொன்னபடியே கேட்டேன். பாட்டி கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவருக்கு எடிச்சக்கத் தொவரன்னா உசிரு" என்று சொல்லிவிட்டு, அவரே போய்த் தோட்டியை (காய் பறிக்கும் கொக்கிக் கம்பு) எடுத்துவந்தார்.

பதினொன்றில் ஐந்து ஆண் பூ, உதிர்ந்துபோனது. ஆறு பிஞ்சில் ஐந்தைப் பறித்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம் பாட்டி முறத்தோடு உட்கார்ந்து தோலைச் செதுக்க, இந்தப் பக்கம் என் மகள் வேக வைத்ததை அம்மியில் இடித்தாள். மூன்று பிஞ்சைப் பாட்டிக்குக் கொடுத்தேன், மரம் அவருடையது. மகனுக்கு வீடியோ காலில் உடைந்த ஓட்டின் படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்திருக்கவே இல்லை. "நுனிய வெட்டிக்கோங்க அக்கா, தடியில கை வெக்காதீங்க" என்றார். மரமேறும் அண்ணனைக் கூட்டிவந்து அப்படியே செய்தோம், பசையும் பூசியாகிவிட்டது.

ஆறாவது காய் மட்டும் எட்டவில்லை. இப்போது இரண்டு கை சேர்த்துப் பிடிக்கும் அளவு இருக்கிறது. சாக்குப் போட்டுக் கட்டியிருக்கிறோம். தினமும் காலையில் கயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறேன். பலகை இன்னும் முன்னறையில்தான் இருக்கிறது. அந்தச் சக்கையை இறக்கிய பிறகு எடுத்துவருவேன்.