மறு: கடன் கட்டாத நிறுவனத்தின் பிரதிநிதிக்குச் செலவுத் தடை – சொல் வேண்டும்

> 'ஆடம்பரத் தடையாணை' என்றே வைத்துவிடலாமே. கேட்டதும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். நீதிமன்றம் கட்டச் சொன்ன கடனைக் கட்டாதவர் இன்னின்ன செலவு செய்யக் கூடாது என்று தடுக்கும் விதிகளைச் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் 2010-இல் கொண்டுவந்தபோது அந்தப் பெயர் ஓரளவு பொருந்தியிருக்கும். விமானம், ரயிலில் மெத்தைப் படுக்கை, நட்சத்திர ஹோட்டல், கோல்ஃப் மைதானம் என்று பட்டியல் போனது. 2015 ஜூலையில் திருத்தினார்கள். அப்புறம் ஜி வரிசை அதிவேக ரயிலில் எந்த இருக்கையும் கிடையாது, இரண்டாம் வகுப்புகூட. சாதாரண ஜனம் ஏறுகிற வண்டியில் என்ன ஆடம்பரம்? வாழ்க்கைக்கும் தொழிலுக்கும் அவசியமா இல்லையா என்பதுதான் அங்கே அளவுகோல்.

> சரி, 'செலவு வரம்பாணை'?

வரம்பு என்றதும் மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகை மனத்தில் வந்துவிடும். இங்கே தொகையே இல்லை, வகைகள்தான் உண்டு: வீடு வாங்காதே, பிள்ளையை அதிகக் கட்டணத் தனியார் பள்ளியில் சேர்க்காதே, இப்படி.

என் பரிந்துரை 'மிகைச்செலவுத் தடையாணை'. மிகை என்றால் தேவைக்கு மேற்பட்டது. ஒதுக்கீட்டைத் தாண்டிய அரசுச் செலவுக்கும் மிகைச்செலவு என்பார்கள்தான். பின்னால் 'தடையாணை' ஒட்டிக்கொண்டால் குழப்பம் வராது.

எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி இன்னொரு சொல். கடன் நிறுவனத்துடையது, ஆணை விழுவது ஆள்மேல். ஓஃபோ பகிர்வு சைக்கிள் நிறுவனம் கடனில் மூழ்கியபோது, 2018 டிசம்பரில் பெய்ஜிங் ஹைடியன் நீதிமன்றம் அதன் நிறுவனர் தய் வெய் மீது இந்த ஆணையைப் போட்டது. நிறுவனப் பதிவில் அதன் சார்பாளராகப் பெயர் உள்ள ஒருவரைச் சீனச் சட்டம் குறிக்கும் சொல்லை நம் குழுவில் 'சட்டப் பிரதிநிதி' என்று எழுதிவருகிறோம். நம் உரிமையியல் நீதிமன்றங்களில் அதற்கு அர்த்தமே வேறு: இறந்துபோனவரின் வாரிசாக வழக்கில் சேர்க்கப்படுபவர். நம்மூர் வக்கீல் படித்தால், 'அடடா, முதலாளி எப்போது காலமானார்?' என்று கேட்பார். அதனால் 'பதிவுப் பிரதிநிதி' என்போம். பதிவில் பெயரில்லாமல் பின்னாலிருந்து ஆட்டுவிப்பவரையும் இந்த ஆணை பிடிக்கும். அவருக்கு 'மெய்க் கட்டுப்பாட்டாளர்' போதும். தீர்ப்புப்படி பணம் கட்ட வேண்டியவருக்குத் 'தீர்ப்புக் கடனாளி' என்ற சொல் ஏற்கெனவே நம் நீதிமன்றத் தமிழில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

இன்னொன்று, 2013-இல் வந்த நாணயமற்ற கடனாளிகள் பட்டியலை, அதாவது கட்ட வசதியிருந்தும் கட்டாதவர்கள் போன்றோரின் பட்டியலை, இதோடு கலக்காதீர்கள். அந்தப் பட்டியலில் ஏறியவருக்கு இந்தத் தடை உண்டு. இந்தத் தடை விழுந்தவரெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை.

ஒரு சொல்தான் மிச்சம். பதிவுப் பிரதிநிதி சொந்தக் காசில், சொந்த வேலைக்குச் செலவழிக்க நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அதை 'விலக்கு மனு' என்பதா, 'அனுமதி மனு' என்பதா? தடை அப்படியே இருக்க, குறிப்பிட்ட செலவுக்கு மட்டும் ஒப்புதல் தருகிறார்கள் என்பதால் எனக்கு 'அனுமதி' சரியாகப் படுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.