கவனிக்கப்படாமல் போன அதிரடித் திரில்லர்: படிப்பகத் திரையிடலுக்குப் பரிந்துரை தேவை

கேள்வி (தக்கலை)

தக்கலைக்கு அருகில் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாதம் ஒரு படம் திரையிடுகிறோம். கல்லூரி மாணவர்களும், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களும், லாரி ஓட்டுநர்களும் வருகிறார்கள். வெளிவந்த காலத்தில் உரிய மதிப்புக் கிடைக்காத ஓர் அதிரடித் திரில்லரை அடுத்த மாதம் காட்ட விரும்புகிறோம். சண்டைக் காட்சிகளை நம்பாமல் பதற்றத்தாலேயே ஆளைக் கட்டிப்போடும் படமாக இருக்க வேண்டும். எது, ஏன் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (நாகர்கோவில்)

தயக்கமின்றி வில்லியம் ஃபிரீட்கின் இயக்கிய 'சார்சரர்' படத்தைச் சொல்வேன். தென்னமெரிக்கக் காட்டுக்குள் ஓர் எண்ணெய்க் கிணறு தீப்பற்றி எரிகிறது. வெடிவைத்துத்தான் அணைக்க முடியும். கைவசம் இருக்கும் டைனமைட்டோ நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்து நைட்ரோகிளிசரின் கசிந்துபோனது. ஹெலிகாப்டரின் அதிர்வையே அது தாங்காது என்பதால், சொந்த ஊரில் தலைகாட்ட முடியாமல் அங்கே ஒளிந்து வாழும் நான்கு பேர், இரண்டு பழைய லாரிகளில் அதை மலைப்பாதை வழியே கொண்டுபோகிறார்கள். கதை அவ்வளவுதான். வில்லன் என்று தனியாக ஒருவரும் இல்லை. பள்ளம், சேறு, மழை, சுமை ஆகியவையே எதிரிகள்.

கொட்டும் மழையில் கயிற்றுப் பாலத்தை லாரி கடக்கும் காட்சிக்கு இணையாக நான் வேறொன்றைப் பார்த்ததில்லை. டொமினிக்கன் குடியரசில் கட்டிய பாலத்தின் கீழ் ஆறு வற்றிப்போனதால், மெக்சிகோவின் பாப்பலோவாபன் ஆற்றில் மீண்டும் கட்டி எடுத்தார்கள். கணினி வரைகலை இல்லாத காலம். திரையில் சாய்வது உண்மையான லாரி.

படம் வந்தது 1977 ஜூன் மாதம். அதற்கு முந்தைய மாதம் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' திரையரங்குகளை நிறைத்திருந்தது. 'எக்சார்சிஸ்ட்' எடுத்தவரின் அடுத்த படம் என்பதால் பேய்ப்படம் என்று நம்பி வந்தவர்களும் உண்டு. ஏறத்தாழ 2.2 கோடி டாலர் செலவில் உருவான படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை. இத்தனை உழைப்பு நெடுங்காலம் பார்ப்பாரற்றுக் கிடந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பதில் 2 (குலசேகரம்)

நாகர்கோவில் அண்ணன் சொன்னதை வழிமொழிகிறேன். நான் லாரித் தொழிலில் இருப்பவன். மழைக்காலத்தில் எஸ்டேட் மண்பாதையில் தடி ஏற்றிய லாரியை இறக்கும்போது கிளீனர் முன்னால் இறங்கி நின்று கை காட்டுவார். ஓட்டுநரின் கண் பாதையில் இருக்காது, அந்தக் கையில்தான் இருக்கும். பாலக் காட்சியில் ஒருவர் ஓட்ட, மற்றவர் பலகைகளில் தடுமாறியபடி வழி காட்டும்போது அதே நம்பிக்கையையும் அதே பயத்தையும் கண்டேன். குப்பையாகக் கிடந்த வண்டிகளிலிருந்து உதிரிப் பாகங்களைக் கழற்றி அவர்களே லாரியைத் தயார் செய்யும் பகுதியை உங்கள் ஊர் ஓட்டுநர்கள் மிகவும் ரசிப்பார்கள். ஆனால் லாரிகள் புறப்படுவதற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர் (தக்கலை)

இருவருக்கும் நன்றி. இதே கதை பிரெஞ்சு மொழியிலும் படமாக வந்திருக்கிறதே, அதைக் காட்டலாமா?

பதில் 3 (மார்த்தாண்டம்)

ஜார்ஜ் அர்னோவின் அதே நாவலை வைத்து ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ எடுத்த 1953-ஆம் ஆண்டுப் படத்தைக் கேட்கிறீர்கள். அருமையான படம்தான், ஆனால் கான் விழாவில் உயரிய விருது பெற்று உலகமே கொண்டாடிய அதைக் கவனிக்கப்படாத படம் என்று சொல்ல முடியாது. ஆகவே 'சார்சரர்' படத்தையே போடுங்கள். டேஞ்சரின் ட்ரீம் குழுவின் மின்னணு இசை லாரி எஞ்சினின் உறுமலோடு கலந்து வருவதால், ஒலிபெருக்கி மட்டும் நன்றாக இருக்க வேண்டும். பிற நாடுகளுக்காக வெட்டிச் சுருக்கிய பதிப்பும் ஒன்று உண்டு. அதில் தொடக்கக் காட்சிகள் சிதைந்துவிட்டன. சுமார் 121 நிமிடம் ஓடுவதும், மெக்சிகோவின் வெராக்ரூஸ் நகரில் தொடங்குவதுமான பதிப்பா என்று பார்த்த பிறகே திரையிடுங்கள்.