‘வைகேரியன்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

விதைத் தாவரங்களின் உலகப் பரம்பலை விளக்கும்போது ஒரு சொல் இடிக்கிறது. ஒரே பேரினத்து மரங்கள் கடலின் இரு கரைகளிலும் நிற்க இரண்டு வழிகள் உண்டு. விதை கடலைக் கடந்து போயிருக்கலாம். அல்லது மரங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, நடுவில் கடல் புகுந்திருக்கலாம். இரண்டையும் ‘பரவல்’ என்றே எழுதிவருகிறோம். இரண்டாவதில் எதுவும் பரவவே இல்லை. அதைத்தான் வைகேரியன்ஸ் என்கிறார்கள்.

நோத்தோஃபேகஸ் எனும் தென்பீச் மரங்கள் சிலி, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நியூகினி, நியூகலிடோனியா ஆகிய இடங்களில் வளர்கின்றன. அவற்றின் சிறு கொட்டைகள் பெரும்பாலும் தாய்மரத்தின் அருகிலேயே விழுகின்றன. அண்டார்க்டிகாவில் அவற்றின் மகரந்தம் புதைபடிவமாகக் கிடைத்திருக்கிறது. கோண்டுவானா எனும் பழைய தென்பெருங்கண்டம் உடைந்ததோடு இவற்றின் பரம்பலை இணைத்துப் பேசுவதால், ‘நிலப்பிளவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

——

> ‘நிலப்பிளவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

ஐயா, இது ஒரு காரணத்துக்கு மட்டும் பொருந்தும். லிரியோடென்ட்ரான் எனும் துலிப் மரத்தைப் பாருங்கள். இன்று இரண்டே சிற்றினங்கள்: ஒன்று வட அமெரிக்காவின் கிழக்கில், மற்றது சீனாவிலும் வியட்நாமிலும். ஐரோப்பாவில் புதைபடிவங்கள் உண்டு. வடகோளம் நெடுக இருந்த வாழிடத்தைத் துண்டித்ததில் குளிருக்கும் பனியுகங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. இவ்வளவு காலம் பிரிந்திருந்தும் இரண்டையும் கலப்பினம் செய்ய முடிகிறது! மலை எழலாம், பாலை விரியலாம், பனி மூடலாம். பொதுவாக இருப்பது தடை. ஆகவே ‘தடைப்பிரிவு’.

லத்தீனில் விகாரியஸ் என்றால் பதிலாள். ஒரு பக்கத்துச் சிற்றினம் மறுபக்கத்தில் இருப்பதன் இடத்தை நிரப்புகிறது என்ற கருத்து. பிரிந்து நிற்கும் அந்த இணைகளைப் ‘பதிலினங்கள்’ எனலாம்.

——

‘பதிலினம்’ அருமை, அப்படியே ஏற்கலாம். ‘தடைப்பிரிவு’ என்றதும் காவல்துறையின் ஏதோ ஒரு பிரிவுதான் நினைவுக்கு வருகிறது. சட்டப் பிரிவு, தடுப்புப் பிரிவு என்று அந்தச் சொல் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. ‘பிரிகை’ என்று மாற்றுவோம். மகரந்தச் சேர்க்கை, ஒளிச்சேர்க்கை என்று படித்த மாணவருக்கு அது ஒரு நிகழ்வைக் குறிப்பது உடனே விளங்கும்.

தடைப்பிரிகைக்கு எதிரிணையாகத் ‘தடைதாண்டல்’ வைக்கலாம். வரையறையும் எளிதாகிறது. தடை எழுந்ததால் கால்வழி பிரிந்தால் தடைப்பிரிகை. ஏற்கெனவே இருந்த தடையைக் கடந்தபின் பிரிந்தால் தடைதாண்டல். காலத்தைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

ஆனால் தென்பீச்சை ஒட்டுமொத்தமாகத் தடைப்பிரிகை என்று எழுதக்கூடாது. நியூசிலாந்து நிலப்பகுதி பிரியத் தொடங்கியது ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன். அங்குள்ள சில தென்பீச் இனங்கள் ஆஸ்திரேலிய உறவுகளிலிருந்து பிரிந்தது அதற்கு வெகு பின்னர் என்று டிஎன்ஏ கணிப்புகள் காட்டுகின்றன. கொட்டைகள் எப்படியோ கடலைத் தாண்டியிருக்கின்றன. ஆஸ்திரேலிய, தென்அமெரிக்கக் கிளைகளின் பிரிவோ நிலம் விலகிய காலத்தோடு ஒத்துப்போகிறது. ஒரே பேரினத்தில் இரண்டும்! ஆகவே இச்சொல் குடிமர வரைபடத்தின் (இனங்கள் கிளைத்த உறவைக் காட்டும் படம்) ஒவ்வொரு கிளைப்புக்கும் உரியது, முழுப் பேரினத்துக்கும் அல்ல.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. கண்டம் பிரிந்த காலத்தை வைத்தே டிஎன்ஏ கடிகாரத்தை (டிஎன்ஏ மாற்றங்களைக் கொண்டு காலம் கணிக்கும் முறை) சரிசெய்துவிட்டு, ‘பார், காலம் பொருந்துகிறது, தடைப்பிரிகைதான்’ என்பது வட்டவாதம். கடிகாரத்தைப் புதைபடிவங்களைக் கொண்டு தனியே அமைக்க வேண்டும். புதைபடிவமும் குறைந்தபட்ச வயதை மட்டுமே தரும்; அதையே உண்மை வயதாகக் கொண்டால் எல்லாக் கிளைப்பும் இளமையாகத் தோன்றி, தடைதாண்டல் பொய்யாகப் பெருகிவிடும்.

——

தடைதாண்டலுக்கும் கடிவாளம் வேண்டும். டார்வின் 87 வகை விதைகளை உப்புநீரில் ஊறவைத்தார். 28 நாளுக்குப் பின்னும் 64 வகை முளைத்தன. ஆனால் நீரில் உயிரோடிருப்பது வேறு, மிதப்பது வேறு. பச்சையாக இருக்கையில் சட்டென மூழ்குபவை பல, காய்ந்தபின் நெடுநாள் மிதந்தன. கரை சேர்ந்தபின் வேரூன்றுவது மூன்றாவது படி. மூன்றும் நடந்தால்தான் தடைதாண்டல்.

பெருக்க மரத்தில் (பாவோபாப்) மொத்தம் 8 சிற்றினங்கள்: மடகாஸ்கரில் 6, ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் 1, வடமேற்கு ஆஸ்திரேலியாவில் 1. இவை பிரிந்தது கோண்டுவானா உடைந்ததற்கு மிகப் பிந்தி என்பதால் இது தடைதாண்டல். இலங்கையின் மன்னாரில் நிற்கும் பெருக்க மரங்கள் அரபு வணிகர்கள் கொண்டுவந்தவை என்று கருதப்படுகிறது. அதற்கு இவ்விரு சொல்லும் ஆகாது. ‘கொணர்வு’ என்று தனியே குறிப்போம். நம் கடற்கரை அடம்புக்கொடியும் விலக்குதான். அதன் விதை மிதந்து வெப்பமண்டலக் கரைகளெங்கும் போய்ச்சேர்கிறது. கடல் அதற்குத் தடையே அன்று, வழி.

எழுத்தில் ஒரு கவனம்: ‘தடைப்பிரிகை’ என்று ஒற்று மிகுத்து, ஒரே சொல்லாக எழுத வேண்டும். ‘தடை பிரிகை’ என்றால் தடையே பிரிவதாகி, பொருள் தலைகீழாகிவிடும்.