மலைக்கு வரும் செவிலியர்கள் ஏன் தங்குவதில்லை? கிராம சபையில் என்ன கேட்கலாம்?

சாமைக்காடு:

வணக்கம். சேலம் பக்கத்து மலை ஒன்றில் இருக்கிறது எங்கள் ஊர். நான் ஊராட்சி வார்டு உறுப்பினர். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்பிச் சுற்றிலும் பல குக்கிராமங்கள் இருக்கின்றன. கட்டடம் இருக்கிறது, பிரசவ அறை இருக்கிறது, மருந்துக்கும் பெரிய குறை இல்லை. செவிலியர்தான் நிலைப்பதில்லை. வருகிறார்கள், ஒரு மழைக்காலத்தைப் பார்க்கிறார்கள், மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

போன ஐப்பசியில் என் தம்பி மனைவிக்கு நள்ளிரவில் வலி கண்டது. நிலையத்துக்குத் தூக்கிப் போனால் காவலர் மட்டும்தான் இருந்தார். ஜீப் பிடித்துக் கீழே கிளம்பினோம். பாதி மலையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டியை ஓரங்கட்டி, என் அம்மாதான் டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தார். தாயும் பிள்ளையும் நலம். அடுத்தவருக்கும் அப்படியே நடக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

மலைப்படியை, அதாவது மலையில் வேலை பார்ப்பதற்குச் சம்பளத்தோடு தரும் தொகையை, ஏற்றிக் கொடுத்தால் வருவார்கள் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். கட்டாயம் சில ஆண்டுகள் மலையில் வேலை பார்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். வரும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். என்ன கேட்டு எழுதுவது? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைப்புடவை:

தம்பி, நான் அரசுச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி மலைகளில்தான் கழிந்தது. நீங்கள் கேட்டவுடனே எழுதத் தோன்றியது.

தீர்மானத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் நிலையத்துக்குப் பின்னால் செவிலியர் குடியிருப்பு ஒன்று இருக்கும். பகலில் போகாதீர்கள், இருட்டிய பிறகு வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு போய்ப் பாருங்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? கழிப்பறை உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? அங்கிருந்து பிரசவ அறைக்கு நடக்கும் வழியில் விளக்கு எரிகிறதா? நான் இருந்த நிலையம் ஒன்றில் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடந்தது. நானும் கூட இருந்த பெண்ணும் இரும்புக் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்போம். எழுதிக் கொடுத்தோம், ஆள் வந்து பார்த்துவிட்டும் போனார். தாழ்ப்பாள் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. அவள் அப்பா ஒருமுறை மலையேறி வந்து அந்த அறையைப் பார்த்தார். அன்று மாலை பஸ்ஸிலேயே மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஊரார் "பட்டணத்துப் பெண், மலை பிடிக்கவில்லை" என்று பேசிக்கொண்டார்கள். மலை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாவது, தனிமை. பேச்சுத் துணை இல்லாத தனிமையைச் சொல்லவில்லை. இரவில் ஒரு தாய்க்குப் பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் அடிவயிற்றில் கர்ப்பப்பையைப் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும், மறுகையால் ஊசி போட வேண்டும், டிரிப் ஏற்ற வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும். நான் இருந்த இடத்தில் செல்போனில் சிக்னல் வாசலுக்கு அப்பால் பலாமரத்தடியில்தான் கிடைக்கும். கையை எடுத்துவிட்டு ஓடினால் ரத்தம் கொட்டும். ஓடாவிட்டால் வண்டி வராது. அன்று ஆயா அம்மா இருந்ததால் அந்தத் தாய் பிழைத்தாள். இருபத்துநான்கு மணி நேரப் பிரசவம் பார்க்க மூன்று செவிலியர் என்பது நம் மாநிலத்தில் வெகுகாலமாக இருக்கும் ஏற்பாடு. மூன்று பேர் என்றால் ஒரு நேரத்துக்கு ஒருத்திதான். ஒருத்தி விடுப்பில் போனால் மற்ற இருவரும் பகல் இரவு பார்க்காமல் உழைக்க வேண்டும். இரவில் துணைக்கு ஒரு பெண் பணியாளரும், நம்பிப் பேசக்கூடிய ஒரு தரைவழித் தொலைபேசியும் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

மூன்றாவது, எப்போது இறங்கலாம் என்பது. இதைத்தான் மேலே இருப்பவர்கள் காதில் வாங்குவதே இல்லை. "இரண்டு ஆண்டுகள் இரு, அதன்பின் இடமாறுதல் கலந்தாய்வில் நீ கேட்கும் இடம் உனக்குத்தான் முதலில்" என்று எழுத்தில் கொடுத்தால் வருவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். மருத்துவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இங்கே மேற்படிப்பில் 50 சதவீத ஒதுக்கீடு உண்டு, கடினமான பகுதியில் வேலை பார்த்த ஆண்டுகளுக்கு மதிப்பெண்ணும் சேர்கிறது. அதற்காகவே மலைக்கு வந்த இளம் டாக்டர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன், நன்றாகவே பார்த்தார்கள். செவிலியர் மேற்படிப்புக்கும் அப்படிச் செய்தால் என்ன?

இன்னொன்றும் கேளுங்கள். உங்கள் நிலையத்தில் பணியிடம் காலியாக இருக்கிறதா, இல்லை ஆள் இருந்தும் மாற்றுப்பணி என்ற பெயரில் கீழே வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டிருக்கிறாரா? இரண்டாவது என்றால் ஏட்டில் இடம் நிரம்பியிருக்கும், புதிய ஆள் வரவே மாட்டார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டால் தெரிந்துவிடும்.

இரவுப்பணி:

அம்மா சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் பணத்தை அவர்கள் தொடவே இல்லை. நான் இப்போது ஒரு மலை நிலையத்தில் ஒப்பந்தச் செவிலியர். மாதம் 18,000 ரூபாய் தொகுப்பூதியம். தொகுப்பூதியம் என்றால் மலைப்படி, வீட்டு வாடகைப்படி எதுவும் கிடையாது. பக்கத்து மேசையில் இருக்கும் நிரந்தரப் பணியாளருக்குக் கிடைக்கும் மலைப்படி எனக்கு இல்லை, குளிர் இருவருக்கும் ஒன்றுதான். என் கல்விக் கடனுக்கு ஒரு பகுதி போகிறது. வாரம் ஒருமுறை ஊருக்குப் போனால் பஸ் செலவுக்கே கணிசமாக ஆகிவிடுகிறது.

2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வந்த சீனியர்கள் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்பதுதான் பேச்சு. அது நடக்கவில்லை என்றுதான் 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். என்கிற மருத்துவத் துறை இயக்குநரக வளாகத்தில் ஆயிரக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலை போனது. இதையெல்லாம் பார்த்துவிட்டு வருபவள் மலையில் வேர் விட மாட்டாள். எந்த வாரம் எங்கே நேர்காணல் என்று தேடிக்கொண்டே இருப்பாள். என்னோடு படித்த பலர் சவூதிக்கும் ஜெர்மனிக்கும் போகத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணா, தீர்மானத்தில் ஒரு வரி எழுதுங்கள். மலையில் வேலை செய்யும் ஆண்டுகளைப் பணி நிரந்தரத்துக்கான வரிசையில் கூடுதலாகக் கணக்கிட வேண்டும். அது இருந்தால் நான் இங்கேயே இருப்பேன். இந்த ஊர் மக்களை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

ராய்ப்பூர்வாசி:

நான் செவிலியர் இல்லை, சுகாதாரத் திட்டங்களில் வேலை பார்ப்பவன். சத்தீஸ்கரில் 2009 வாக்கில் ஊரக மருத்துவப் படை என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். நிலையங்களைக் கடினமானவை, மிகக் கடினமானவை, எளிதில் சென்றடைய முடியாதவை என்று தரம் பிரித்து, அதற்கேற்ப மாத ஊக்கத்தொகை நிர்ணயித்தார்கள். எனக்கு அதில் பிடித்தது, டாக்டரோடு நிறுத்தாமல் செவிலியரையும், ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர்களையும் சேர்த்ததுதான். இங்கேயும் எல்லா மலையையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது. ஏற்காடும், பஸ்ஸே போகாத குக்கிராமமும் ஒன்றாகுமா?

கட்டாயச் சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தப் பிரச்சினைக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டு, 2021-இல் புதுப்பித்தது. கட்டாயப் பணியைக் கொண்டுவருவதானால் ஆதரவும் சலுகையும் கூடவே வர வேண்டும் என்பது அதன் நிலை. அதில் முதலில் நிற்கும் பரிந்துரை வேறு: கிராமப்புறத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் படிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993-இல் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். வெளியிலிருந்து செவிலியர் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்தப் பள்ளத்தாக்குப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பதும் அறுவை அரங்கில் கைகொடுப்பதும் அந்தப் பெண்கள்தான். நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் அதே பாதையில் போனது.

சாமைக்காடு:

எல்லோருக்கும் நன்றி. அம்மா சொன்னபடி நேற்று இரவு என் மனைவியும் அண்ணியும் நானும் குடியிருப்பைப் போய்ப் பார்த்தோம். தாழ்ப்பாள் இருக்கிறது. ஆனால் கழிப்பறை வெளியே, கதவின் கீழ்ப்பாதி மக்கிப் போயிருக்கிறது. சமையலறை ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, மருந்து அட்டைப்பெட்டியைப் பிரித்து ஆணியடித்து மூடியிருக்கிறார்கள். என் மனைவி "இதில் நான் ஓர் இரவு இருக்க மாட்டேன்" என்றாள். வெட்கமாக இருந்தது. நாங்கள் தினமும் அந்த வழியாகத்தான் மாடு ஓட்டிக்கொண்டு போகிறோம். இதை முதலில் யாரிடம் கேட்பது? ஊரில் பன்னிரண்டாவது படிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

வெள்ளைப்புடவை:

கதவுக்கும் ஜன்னலுக்கும் கிராம சபை வரை காத்திருக்க வேண்டாம் தம்பி. நிலையத்தில் நோயாளர் நலச் சங்கம் இருக்கும். சிறு பழுதுகளை அதன் நிதியில் பார்க்கலாம். மருத்துவ அலுவலரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், ஊரில் தச்சர் இருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். கழிப்பறையை உள்ளே கட்டுவது பெரிய வேலை, அதைத் தீர்மானத்தில் எழுதி வட்டார மருத்துவ அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். அதே தீர்மானத்தில் இரவுத் துணை, மலையில் இருக்க வேண்டிய கால வரம்பு, மாற்றுப்பணியை ரத்து செய்வது, ஒப்பந்தச் செவிலியருக்கும் மலைப்படி என்று தனித்தனியாக எழுதுங்கள். இரவுப்பணி எழுதிய அந்த வரியை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கண்ணு, நீ சொன்னதுதான் முதலில் வர வேண்டும். எங்கள் காலத்தில் நிரந்தர வேலை கையில் இருந்ததால் கட்டிலை முட்டுக் கொடுத்துக்கொண்டாவது இருந்தோம்.

பெண்களைப் பற்றி: நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். உங்கள் மலைப் பள்ளியில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் அதையும் கேளுங்கள். வேறு பிரிவு படித்தவர்களுக்கு இரண்டாண்டு ஏ.என்.எம். படிப்பு இருக்கிறது. கிராம சுகாதார செவிலியராக வர அதுதான் வழி. பெற்றோரிடம் இப்போதே பேசத் தொடங்குங்கள், தள்ளிப் போட்டால் அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும், எளிதில் கைக்கு வராது. தேர்வு முடிவு வந்த பிறகு அலைந்தால் சேர்க்கை முடிந்துபோகும். இந்த மாதமே ஏழெட்டுப் பேருக்கும் சேர்த்து விண்ணப்பம் போடுங்கள், படிவத்தில் சந்தேகம் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.