புதுப்பிப்பு: நம் பயிற்சிக் கல்லூரி செட், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நம்மோடு படித்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் பேரப்பிள்ளைகளோடு நலம். ஈப்போ நண்பருக்குக் கண்புரை அறுவை நல்லபடி முடிந்தது.

மனசை அள்ளியவர் நம் கபடிக் கேப்டன்தான். பக்கவாதத்தில் வலக்கை விழுந்துவிட்டது. இடக்கையால் எழுதிப் பழகுகிறார். நேற்றுப் போனபோது ஒரு பக்கம் முழுக்க 'ழ' எழுதி வைத்திருந்தார், ஒவ்வொன்றிலும் சுழி கொஞ்சம் கோணல். அவர் மனைவி கலக்கிக் கொடுத்த மைலோ ஆறும்வரை அதையே காட்டிக்கொண்டிருந்தார். தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சேமித்துத் தோட்டங்களைத் தாங்களே வாங்குவதற்காக, மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவில் பங்கு வாங்கிய பால்மரத் (ரப்பர்) தொழிலாளியின் மகன் அவர். அந்த உறுதி அப்படியே இருக்கிறது.

தீபாவளிக்கு அவர் வீட்டில் கூடுகிறோம். வர முடியாதவர்கள் சொல்லுங்கள், வீடியோ காலில் இணைக்கிறேன்.