வால் செய்த வேலை

ஆய்வகத்தில் மைக்கா (MICA) என்ற புரதத்தால் எனக்கு நேர்ந்த அவமானத்தை எழுதி வைக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்; துணைக்கு ஆள் இருப்பது ஆறுதல்.

நெருக்கடியில் சிக்கிய செல்களும் பல புற்றுச் செல்களும் மேற்பரப்பில் ஏந்தி நிற்கும் புரதம் அது. புற்றுச் செல்களைத் தாக்கும் வெள்ளணு வகையான இயற்கைக் கொல்லி செல்லின் என்கேஜி2டி ஏற்பி அதைப் பிடித்தால் தாக்கச் சொல்லும் சைகை உள்ளே போகும். மைக்காவின் வெளிப்பகுதியை மட்டும் மரபணு மறுசேர்க்கை முறையில் தயாரித்து, மனித எதிர்ப்பொருளின் (ஆன்டிபாடி) வால் பகுதியான எஃப்சியோடு இணைத்து விற்கிறார்கள். வால் இருந்தால் சுத்திகரிப்பது எளிது. நான் வாங்கியதும் அந்த வகைதான்.

96 சிறு குழிகள் கொண்ட ஆய்வகத் தட்டில் அதை இரவு முழுக்கப் பூசி வைத்து, மறுநாள் ரத்தத்திலிருந்து பிரித்த கொல்லி செல்களை இட்டேன். கொல்லி செல்களை உசுப்பும் ஐஎல்-2 புரதம் எதுவும் கொடுக்கவில்லை. ஓய்வில் இருந்த செல்கள். சில மணி நேரம் கழித்து சிடி107ஏ அளந்தேன். செல் தன் நச்சுத் துகள்களைக் கொட்டியதற்கான அடையாளம் அது. அள்ளிக் கொட்டியிருந்தது! குழுக் கூட்டத்தில் பெருமையாகப் படத்தைக் காட்டினேன். கடைசி வரிசையிலிருந்து மூத்த ஆய்வாளர் அக்கா ஒருவர், "வால் மட்டும் பூசிய குழி எங்கே?" என்றார்.

இல்லை. ரத்தத்தில் உள்ள கொல்லி செல்களில் பெரும்பாலானவற்றின் மேல் சிடி16 என்ற ஏற்பி இருக்கிறது. எஃப்சி வாலைப் பிடிப்பதுதான் அதன் தொழில். பாடநூலில் படித்து, தேர்விலும் எழுதியவன் நான். மறுவாரம் வெறும் எஃப்சியைப் பூசிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே அளவு. என் மைக்கா ஓரமாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது.

அக்கா அடுத்துச் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. ஓய்வில் இருக்கும் மனிதக் கொல்லி செல்லின் என்கேஜி2டியை மட்டும் தூண்டினால் துகள் பெரிதாகக் கொட்டாது. 2பி4 போன்ற இன்னொரு ஏற்பியும் சேர வேண்டும். தனியாகவே அதைச் செய்ய வல்லது சிடி16. இது 2006-லேயே தெரிந்த செய்தி. அவ்வளவு அழகான முடிவைக் கண்டதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிறகு எஃப்சிக்குப் பதிலாக, சிடி16 பிடிக்காத குட்டி ஹிஸ்டிடின் வால் கொண்ட வகையை வாங்கி, செல்களை ஐஎல்-2-இல் ஊறவைத்துச் செய்தேன். சின்ன உயர்வுதான், ஆனால் மைக்காவால் வந்தது.

*

எனக்குத் தலைகீழாக நடந்தது. பூசியபோது நன்றாக வேலை செய்த அதே புரதத்தைக் கரைசலாகவே தாராளமாக ஊற்றினால் இன்னும் நன்றாகக் கொல்லும் என்று நினைத்தேன். கே562 ரத்தப் புற்றுச் செல்களோடு கலந்த குழிகளில் கொல்வது குறைந்துவிட்டது. மிதக்கும் மைக்கா ஏற்பிகளை அடைத்துக்கொண்டதால் புற்றுச் செல்லின் மேல் இருக்கும் மைக்காவுக்கு இடமில்லை. கட்டிகளும் இதைத்தான் செய்கின்றன: மைக்காவைத் தம் மேற்பரப்பிலிருந்து வெட்டி ரத்தத்தில் விட்டுவிடுகின்றன. மூன்று நாள் பைப்பெட் பிடித்து, புற்றுநோய்க்கு நான் உதவியிருக்கிறேன்.

*

என் கதையில் குற்றவாளி வால் அல்ல, அழுக்கு. ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதம். பிரிக்காத வெள்ளணுக் கலவையில் இட்டதும் கொல்லி செல்கள் உசுப்பப்பட்டால் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா எகிறியது. கொல்லி செல்களை மட்டும் பிரித்து இட்டால் ஒன்றுமில்லை. புரதத்தைக் கொதிக்கவைத்துக் கலவையில் இட்டுப் பார்த்தேன். அப்போதும் எகிறியது! புரதம் வெந்து கெட்டிருக்கும். ஆனால் ஈ.கோலையின் மேலுறையிலிருந்து ஒட்டிவந்த எண்டோடாக்சின் என்ற நச்சு கொதிநீருக்கு அசையாது. அதைக் கண்ட, கலவையில் இருந்த மோனோசைட்டு வெள்ளணுக்கள் ஐஎல்-12 என்ற சைகைப் புரதத்தைச் சுரந்து கொல்லி செல்களை உசுப்பிவிட்டிருக்கின்றன. அன்றிலிருந்து புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்தால் முதலில் அதன் சான்றிதழில் எண்டோடாக்சின் அளவைத் தேடுகிறேன்.

*

புரதம் கெடாமல் இருக்க ஆல்புமின் என்ற வேறொரு புரதம் கலந்த புட்டியைத் தட்டில் பூசியவர் நான் ஒருவர்தானா? மைக்காவைப் போல 50 மடங்கு ஆல்புமின். தட்டில் நான் பூசியது எதை என்று கேட்காதீர்கள்.

*

நான் ஆய்வாளர் இல்லை. அப்பாவுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் பரவியபோது, இப்படி ஒரு ஐஎல்-2 புட்டியின் படத்தை மருத்துவரிடம் காட்டி, "இதைப் போட முடியாதா?" என்று கேட்டவன். அவர் கோபப்படவில்லை. "ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற வரியைப் படிக்கச் சொன்னார். ஐஎல்-2-வுக்கு மருந்து வடிவம் தனியாக உண்டு, 1992-இல் அமெரிக்காவில் இதே நோய்க்கு அனுமதி பெற்றது, ஆனால் ரத்த நாளங்கள் கசிந்து ரத்த அழுத்தம் சரியும் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்துத்தான் கொடுப்பார்கள் என்று விளக்கினார். அப்பாவின் இதயம் அதைத் தாங்காது என்றும் சொன்னார். நீங்கள் குழிகளில் இடுவது என்னவென்று இதையெல்லாம் படித்த பிறகுதான் கொஞ்சம் புரிகிறது.

*

முதலில் எழுதியவன்தான். கொதிக்கவைக்கும் சோதனை எனக்குத் தோன்றவே இல்லை. நாளை காலை அதுதான் முதல் வேலை. உங்கள் அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?